புகையைப் புதைக்கலாம், பொறுப்பைப் புதைக்கலாகாது

(நிலக்கரியும் கார்பன் சேமிப்பும் குறித்துக் கட்சிக் கல்வி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ஒன்றிய அரசு 2026-27ஆம் ஆண்டுக்கான நிதிநிலை அறிக்கையில், கார்பனைப் பிடித்துப் பயன்படுத்தவும் சேமித்து வைக்கவும் ஐந்து ஆண்டுகளுக்கு ₹20,000 கோடி ஒதுக்கப்படும் என்று அறிவித்தது. மின்சாரம், உருக்கு, சிமென்ட், எண்ணெய்ச் சுத்திகரிப்பு, ரசாயனம் ஆகிய ஐந்து துறைகள் இதற்கெனக் குறிக்கப்பட்டுள்ளன. விலைவாசி, வேலையின்மை, விளைபொருளுக்கு விலையின்மை ஆகிய அன்றாடப் பிரச்சனைகளுக்கு நடுவே இத்தகைய அறிவிப்பு எளிதில் கண்ணில் படுவதில்லை. ஆனால் இதில் மக்களின் வரிப்பணம் இருக்கிறது. நிலக்கரித் தொழிலாளரின் நாளைய வாழ்வு இருக்கிறது. ஏழைக் குடும்பத்தின் மின் கட்டணமும் இருக்கிறது. எனவே கட்சி ஊழியர்கள் இதனை நிபுணர்களின் விவகாரம் என்று ஒதுக்கிவிட இயலாது.

இந்தத் தொழில்நுட்பம் குறித்து இரண்டு குரல்கள் கேட்கின்றன. நிலக்கரியை எவ்வளவு வேண்டுமானாலும் எரிக்கலாம், புகையை மட்டும் பிடித்து நிலத்துக்கு அடியில் புதைத்துவிட்டால் போதும் என்கிறது ஒரு குரல். இது முழுமையான மோசடி, இதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவிடலாகாது என்கிறது மற்றொரு குரல். இவ்விரண்டையும் அப்படியே ஏற்க இடமில்லை. எந்தத் தொழில்நுட்பத்தையும் அதன் இயல்பைக் கொண்டும், அது யாருடைய கையில் இருக்கிறது என்பதைக் கொண்டும் மதிப்பிடுவதே மார்க்சியப் பார்வை. பிடிப்பவர் யார், செலவை ஏற்பவர் யார், லாபம் யாருக்கு, ஆபத்து யார் தலையில் என்ற நான்கு கேள்விகளைக் கேட்டால் உண்மை துலங்கும்.

நிலக்கரியின் இடம்

முதலில் நாட்டின் நிலையைப் பார்க்க வேண்டும். 2024-25ஆம் ஆண்டில் இந்தியாவின் நிலக்கரி உற்பத்தி 100 கோடி டன்னைத் தாண்டியது. அதே ஆண்டில் நாட்டில் உற்பத்தியான மின்சாரத்தில் 70 சதவீதத்துக்கும் அதிகமான பங்கு நிலக்கரி, பழுப்பு நிலக்கரி ஆகியவற்றிலிருந்து வந்தது. மின் நிறுவுதிறனில் பாதி புதைபடிவம் அல்லாத மூலங்களிலிருந்து வருகிறது என்று 2025இல் அரசு அறிவித்தது. அது உண்மையே. ஆனால் நிறுவுதிறன் வேறு, உற்பத்தி வேறு. சூரியன் மறைந்த பின் விளக்கெரிவது இன்றும் பெருமளவு நிலக்கரியால்தான். அனல்மின் நிறுவுதிறனை 2031-32க்குள் மேலும் 80,000 மெகாவாட் அளவுக்கு உயர்த்தும் திட்டத்தையும் ஒன்றிய அரசு வைத்திருக்கிறது. 2021 நவம்பரில் கிளாஸ்கோ மாநாட்டில், 2070க்குள் நிகர உமிழ்வைப் பூச்சியமாக்குவதாகப் பிரதமர் உறுதியளித்தார். ஒருபுறம் புதிய அனல்மின் நிலையங்கள், மறுபுறம் பூச்சிய உமிழ்வு. இவ்விரண்டுக்கும் இடையிலான பள்ளத்தை மூடும் பலகையாகவே கார்பன் சேமிப்பு இன்று முன்வைக்கப்படுகிறது.

இங்கு ஒரு வரலாற்று நியாயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். தொழிற்புரட்சிக் காலம் முதல் வளிமண்டலத்தில் சேர்ந்துள்ள கரியமில வாயுவில் சுமார் நான்கில் ஒரு பங்கு அமெரிக்கா ஒன்றே வெளியிட்டது. உலக மக்கள்தொகையில் ஆறில் ஒரு பங்கைக் கொண்ட இந்தியாவின் பங்கு சுமார் 3 முதல் 4 சதவீதம். தலைக்கு ஆண்டொன்றுக்கு இந்தியர் சுமார் 2 டன் வெளியிடுகையில், அமெரிக்கர் அதைப்போல் ஏழு மடங்கு வெளியிடுகிறார். ஆகவே இந்தியா உடனடியாக நிலக்கரியைக் கைவிட வேண்டும் என்று கட்டளையிடும் தகுதி வளர்ந்த நாடுகளுக்கு இல்லை. ஆயினும், அவர்களது குற்றம் இங்குள்ள பெருமுதலாளிகளுக்குத் தரப்பட்ட அனுமதிச் சீட்டு ஆகிவிடாது. வெப்ப அலையில் மயங்கி விழுபவர் கட்டுமானத் தொழிலாளியும் விவசாயத் தொழிலாளியும்தான். குளிரூட்டப்பட்ட அறையில் இருப்பவர் அல்லர்.

தொழில்நுட்பம் செயல்படும் விதம்

கார்பன் சேமிப்பில் மூன்று படிகள் உண்டு. முதற்படி பிடித்தல். அனல்மின் நிலையத்தின் புகையில் கரியமில வாயு சுமார் 12 முதல் 15 சதவீதமே இருக்கும். எஞ்சியது பெரும்பாலும் நைட்ரஜன். அமீன் என்னும் ரசாயனக் கரைசலின் வழியே புகையைச் செலுத்தினால், கரைசல் கரியமில வாயுவை மட்டும் பற்றிக்கொள்கிறது. பின்னர் கரைசலை நீராவியால் சூடாக்கினால் வாயு தனியே பிரிந்து வருகிறது. இரண்டாம் படி, அதனை அழுத்தி, குழாய் வழியே கொண்டுசெல்லுதல். மூன்றாம் படி, பூமிக்கு அடியில் 800 மீட்டருக்கும் கீழே, நுண்துளைப் பாறை அடுக்குகளில் செலுத்தி, மேலே கசியாதபடி நிரந்தரமாக அடைத்துவைத்தல்.

இதில் மாயம் ஏதுமில்லை. இயற்கை எரிவாயுவிலிருந்து கரியமில வாயுவைப் பிரிக்கும் கலை பல பத்தாண்டுகளாக அறியப்பட்டதே. சிக்கல் அளவிலும் ஆற்றல் செலவிலும் இருக்கிறது. கரைசலைச் சூடாக்கவும் வாயுவை அழுத்தவும் தேவைப்படும் ஆற்றலை அந்த மின் நிலையமே தரவேண்டும். அதனால் 500 மெகாவாட் தரும் அலகு, பிடிக்கும் கருவியைப் பொருத்திய பின் ஏறத்தாழ 400 மெகாவாட்டோ அதற்கும் குறைவாகவோதான் வெளியே அனுப்ப இயலும். இழந்த மின்சாரத்தை ஈடுசெய்ய மேலும் நிலக்கரி எரிக்க வேண்டும். மேலும் சுரங்கம் தோண்ட வேண்டும். மேலும் சாம்பலைக் கொட்ட வேண்டும். இந்திய நிலக்கரியில் சாம்பல் 30 முதல் 45 சதவீதம் வரை உள்ளது என்பதை மறத்தலாகாது. குளிர்விப்பதற்கான நீர்த் தேவையும் கணிசமாக உயர்கிறது. கோடையில் நீரின்றி அனல்மின் அலகுகள் நிறுத்தப்படும் நாட்டில் இது சிறிய விஷயம் அன்று.

மத்தியப் பிரதேசத்தின் சிங்ரௌலி மாவட்டத்தில் பொதுத்துறையான என்டிபிசியின் விந்தியாசல் அனல்மின் நிலையம் உள்ளது. அதன் திறன் 4,760 மெகாவாட். அங்கே 2022 ஆகஸ்டில் நாளொன்றுக்கு 20 டன் கரியமில வாயுவைப் பிடிக்கும் கூடம் இயக்கப்பட்டது. பிடித்த வாயுவிலிருந்து மெத்தனால் தயாரிப்பது நோக்கம். இந்தியப் பொறியாளர்களின் இந்த முயற்சி பாராட்டத்தக்கது. ஆனால் கணக்கையும் பார்க்க வேண்டும். நிலக்கரியில் ஒரு யூனிட் மின்சாரம் தயாரிக்கச் சுமார் ஒரு கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. அப்படியெனில் அந்த நிலையம் முழுவீச்சில் இயங்கும்போது விநாடிக்கு ஒரு டன்னுக்கும் அதிகமாக வெளியேறும். ஒரு நாள் முழுவதும் பிடிக்கும் 20 டன், அந்நிலையம் அரை நிமிடத்துக்கும் குறைவான நேரத்தில் வெளியிடும் புகைக்குச் சமம். ஆய்வுக்கூடத்துக்கும் ஆலைக்கும் இடையே இருக்கும் தூரத்தை இதிலிருந்து உணரலாம்.

உலக அனுபவம் கற்பிப்பது

உலகம் முழுவதும் இன்று இயங்கும் கார்பன் பிடிப்புக் கூடங்கள் அனைத்தையும் சேர்த்தாலும் ஆண்டுக்குச் சுமார் 5 கோடி டன் அளவுக்கே திறன் உண்டு. இந்திய மின்துறை மட்டும் ஆண்டுக்குச் சுமார் 120 கோடி டன் வெளியிடுகிறது. உலகத் திறன் முழுவதையும் இங்கே கொண்டுவந்து நிறுத்தினாலும் இந்திய மின்துறைப் புகையில் இருபதில் ஒரு பங்குகூடப் பிடிபடாது.

வெற்றிபெற்ற உதாரணம் நார்வேயின் ஸ்லைப்னர். வடகடலில் எடுக்கப்படும் எரிவாயுவில் கலந்துள்ள கரியமில வாயு 1996 முதல் கடலடிப் பாறையில் செலுத்தப்படுகிறது. அது நடந்தமைக்கு இரண்டு காரணங்கள்: 1991இல் நார்வே அரசு விதித்த கார்பன் வரி ஒன்று, அரசுக்குப் பெரும்பங்கு உள்ள நிறுவனம் மற்றொன்று. சந்தை தானாக அதைச் செய்யவில்லை.

நிலக்கரி மின்சாரத்தில் கதை வேறு. கனடாவின் சஸ்காட்சுவான் மாநிலத்தில் பவுண்டரி டேம் நிலையத்தின் மூன்றாம் அலகில் 2014இல் கருவி பொருத்தப்பட்டது. சுமார் 110 மெகாவாட் திறனுள்ள ஒரு சிறிய அலகுக்கு 100 கோடி கனடா டாலருக்கு மேல் செலவானது. ஆண்டுக்கு 10 லட்சம் டன் பிடிப்பதே இலக்கு. நடைமுறையில் அது எட்டப்படாமல் பல ஆண்டுகள் கழிந்தன. அடுத்த இரு அலகுகளுக்கும் அதே கருவியைப் பொருத்துவதில்லை என்று 2018இல் அந்த மின் நிறுவனமே முடிவெடுத்தது.

அமெரிக்காவின் டெக்சாசில் பெட்ரா நோவா திட்டம் 2017இல் சுமார் 100 கோடி டாலர் செலவில் தொடங்கியது. பிடிக்கப்பட்ட வாயு, வற்றிவரும் எண்ணெய்க் கிணற்றில் செலுத்தப்பட்டு மேலும் கச்சா எண்ணெய் எடுக்கப் பயன்பட்டது. 2020இல் எண்ணெய் விலை சரிந்தது, கூடம் மூடப்பட்டது. விலை தேறிய பின் 2023இல்தான் மீண்டும் திறக்கப்பட்டது. புவி வெப்பமடைதல் ஒருநாளும் விடுப்பு எடுக்கவில்லை. எண்ணெய் விலை சரிந்ததும் கூடம் மட்டும் விடுப்பு எடுத்துக்கொண்டது. மிசிசிப்பி மாநிலத்தின் கெம்பர் திட்டமோ சுமார் 300 கோடி டாலரில் தொடங்கி 750 கோடி டாலரில் முடிந்தது. 2017இல் நிலக்கரியை வாயுவாக்கும் பகுதி கைவிடப்பட்டு, வெறும் எரிவாயு நிலையமாக அது இயங்கியது. 2021இல் அந்தக் கட்டுமானம் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது.

மக்கள் சீனத்தின் அனுபவமும் கவனிக்கத்தக்கது. ஜியாங்சு மாகாணத்தின் தைசோ அனல்மின் நிலையத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் டன் பிடிக்கும் கூடத்தை அரசு நிறுவனம் 2023இல் இயக்கியது. ஆனால் சீனம் அதை மட்டும் நம்பி இருக்கவில்லை. 2024ஆம் ஆண்டில் மட்டும் 2,70,000 மெகாவாட்டுக்கும் அதிகமான சூரிய மின்திறனை அது சேர்த்தது. அங்கேயும் நிலக்கரி குறைந்துவிடவில்லை. புதிய நிலையங்கள் எழுகின்றன. எனினும் பிடிப்புக் கூடம் அங்கு ஒரு சோதனை முயற்சி. மாற்று மின்சாரமே முதன்மைப் பாதை. இந்த வரிசைமுறை முக்கியமானது.

நிலத்துக்கு அடியில் இடம் உண்டா

இந்தியாவின் பாறை அடுக்குகளில் 400 முதல் 600 கிகா டன் வரை, அதாவது 40,000 கோடி முதல் 60,000 கோடி டன் வரை கரியமில வாயுவைச் சேமிக்க இடமுண்டு என்ற மதிப்பீடு அரசு ஆவணங்களில் அடிக்கடி இடம்பெறுகிறது. நாட்டின் மொத்த உமிழ்வு ஆண்டுக்குச் சுமார் 300 கோடி டன் என்பதால், நூறாண்டுக்கு மேல் கவலையில்லை என்று இதைக் காட்டிச் சிலர் ஆறுதல் சொல்கிறார்கள். ஆனால் இது ஏட்டளவிலான கொள்ளளவு. துளையிட்டு, வாயுவைச் செலுத்தி, கசிகிறதா என்று பல ஆண்டுகள் கண்காணித்து உறுதிசெய்யப்பட்ட கொள்ளளவு அன்று. வயலின் பரப்பைச் சொல்லி விளைச்சலைக் கணக்கிடுவது போன்றது இது.

இந்த மதிப்பீட்டின் ஒரு பெரும்பகுதி தக்காணப் பீடபூமியின் பசால்ட் என்னும் எரிமலைப் பாறையைச் சார்ந்தது. அத்தகைய பாறையில் கரியமில வாயு கல்லாகவே மாறிவிடும் என்பதை ஐஸ்லாந்தின் கார்ப்ஃபிக்ஸ் திட்டம் நிரூபித்தது. செலுத்தியதில் 95 சதவீதம் இரண்டு ஆண்டுகளுக்குள் கனிமமானது என்று 2016இல் அறிவிக்கப்பட்டது. இது அறிவியலின் அரிய சாதனை. ஆனால் அம்முறையில் ஒரு டன் வாயுவைக் கரைத்துச் செலுத்தச் சுமார் 25 டன் நீர் வேண்டும். தக்காணத்தின் பசால்ட் பரப்பில்தான் விதர்பாவும் மராத்வாடாவும் உள்ளன. குடிநீருக்கு டேங்கர் லாரிக்காகக் காத்திருக்கும் கிராமத்தின் அடியில் இந்த நீரை எங்கிருந்து கொண்டுவந்து செலுத்துவது?

தூரமும் ஒரு தடை. அனல்மின் நிலையங்கள் சிங்ரௌலி, கோர்பா, தால்சேர் ஆகிய சுரங்க வட்டாரங்களில் குவிந்துள்ளன. ஓரளவு ஆராயப்பட்ட எண்ணெய், எரிவாயுப் படுகைகளோ குஜராத்தின் காம்பே, மும்பைக் கடற்பகுதி, கிருஷ்ணா-கோதாவரி, காவிரி எனப் பெரும்பாலும் மேற்கிலும் கரையோரத்திலும் உள்ளன. இடையே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் குழாய் பதிக்க வேண்டும். அந்தப் பாதை பழங்குடியினரின் காடு வழியாகவும் சிறு விவசாயியின் நிலம் வழியாகவும் செல்லும். 2020 பிப்ரவரியில் மிசிசிப்பி மாநிலத்தின் சட்டார்ஷியா கிராமத்தருகே இத்தகைய குழாய் ஒன்று வெடித்தது. கரியமில வாயு காற்றைவிடக் கனமானது. தாழ்வான இடத்தில் தேங்கி மூச்சைத் திணறடிக்கும். 45 பேர் மருத்துவமனைக்குச் செல்ல நேர்ந்தது. சுமார் 200 பேர் வெளியேற்றப்பட்டனர். மக்கள்தொகை குறைந்த இடத்திலேயே இந்த நிலை.

சிங்ரௌலியில் 2020 ஏப்ரலில் ஒரு தனியார் அனல்மின் நிலையத்தின் சாம்பல் குளக் கரை உடைந்து 6 பேர் உயிரிழந்தார்கள். கண்ணுக்கு முன்னே தெரியும் சாம்பலைக் காக்க முடியாத நிர்வாகம், கண்ணுக்குத் தெரியாத வாயுவை ஆயிரம் ஆண்டுகளுக்குக் காக்கும் என்று நம்பச் சொல்கிறார்கள். 1984இல் போபாலில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்ற யூனியன் கார்பைடு, 1989இல் 47 கோடி டாலர் தீர்வோடு கைகழுவியதை இந்தியத் தொழிலாளி வர்க்கம் மறக்கவில்லை. நிறுவனங்கள் விற்கப்படலாம், கலைக்கப்படலாம், பெயர் மாறலாம். புதைக்கப்பட்ட வாயு அங்கேயேதான் இருக்கும்.

கந்தகம் என்னும் உரைகல்

அரசின் நேர்மையை உரசிப் பார்க்க ஓர் உரைகல் கைவசம் உள்ளது. அனல்மின் நிலையப் புகையில் கரியமில வாயுவோடு கந்தக டைஆக்சைடும் இருக்கிறது. அதை நீக்கும் கருவியை, எஃப்ஜிடி என்று அழைக்கப்படும் கருவியை, எல்லா நிலையங்களும் பொருத்த வேண்டும் என்று 2015 டிசம்பரில் சுற்றுச்சூழல் அமைச்சகம் விதி வகுத்தது. கெடு இரண்டு ஆண்டுகள். அது முடிந்ததும் நீட்டிப்பு, பின்னர் மீண்டும் நீட்டிப்பு. இறுதியில் 2025 ஜூலையில், நாட்டின் அனல்மின் அலகுகளில் சுமார் 78 சதவீதத்துக்கு அந்தக் கடமையிலிருந்தே விலக்கு அளிக்கப்பட்டது. இந்திய நிலக்கரியில் கந்தகம் குறைவு, செலவு அதிகம் என்பது அரசு கூறிய நியாயம். கந்தக டைஆக்சைடு காற்றில் நுண்துகளாக மாறி வெகுதூரம் பரவி நுரையீரலைத் தாக்கும் என்பது மக்களின் அனுபவம்.

இதற்கும் கார்பன் பிடிப்புக்கும் நேரடித் தொடர்பு உண்டு. அமீன் கரைசலில் கந்தக டைஆக்சைடு கலந்தால் கரைசல் கெட்டு உப்பாகிவிடும். எனவே கந்தகத்தை ஏறத்தாழ முற்றாக நீக்கிய பின்னரே கரியமில வாயுவைப் பிடிக்க முடியும். கந்தக நீக்கம் முதற்படி. கார்பன் பிடிப்பு இரண்டாம் படி. முதற்படியில் கால்வைக்கச் செலவு அதிகம் என்று விலக்குத் தந்த அரசு, பன்மடங்கு செலவு பிடிக்கும் இரண்டாம் படியில் ஏறப்போவதாக அறிவிக்கிறது. பத்தாண்டுகளில் கந்தகத்துக்கு விதியை நிறைவேற்ற முடியாதவர்கள் கார்பனை எப்படிப் பிடிப்பார்கள் என்று கேட்க எந்த நிபுணத்துவமும் தேவையில்லை.

செலவுக் கணக்கு

பிடித்து, கொண்டுசென்று, புதைக்க ஒரு டன்னுக்கு ₹4,000 ஆகும் என்று மிதமாக வைத்துக்கொண்டாலும், நிலக்கரி மின்சாரத்தின் விலை யூனிட்டுக்கு ₹3க்கு மேல் கூடும். சில மணி நேர மின்கலச் சேமிப்போடு கூடிய சூரிய மின்சாரத்துக்கு 2024 டிசம்பரில் ஏலத்தில் கிடைத்த விலையே யூனிட்டுக்குச் சுமார் ₹3.50. அதாவது புகையைப் பிடிக்க ஆகும் கூடுதல் செலவே, மாற்று மின்சாரத்தின் முழு விலையை நெருங்குகிறது. இந்திய மின்துறைப் புகையில் பத்தில் ஒரு பங்கை, சுமார் 12 கோடி டன்னைப் பிடிக்க ஆண்டுக்கு ₹48,000 கோடி வேண்டும். ஒதுக்கப்படுவதோ ஐந்து துறைகளுக்குமாகச் சேர்த்து ஆண்டுக்கு ₹4,000 கோடி. எஞ்சியதை யார் தருவார்கள்? மின்சாரச் சட்டத் திருத்தத்தின் வழியே மானியத்தையும் குறுக்கு மானியத்தையும் ஒழிக்கத் துடிப்பவர்கள், இச்சுமையை வீட்டு மின் கட்டணத்திலும் விவசாயியின் பம்ப்செட்டிலும் ஏற்றுவார்கள் என்று அஞ்சுவதற்குக் காரணம் உண்டு.

வரிப்பணத்தின் கதையும் நினைவில் நிற்கத்தக்கது. தூய ஆற்றலுக்கு என்று கூறி 2010இல் நிலக்கரி மீது டன்னுக்கு ₹50 செஸ் விதிக்கப்பட்டது. 2016இல் அது ₹400 ஆனது. 2017இல் ஜிஎஸ்டி வந்தபோது அந்தப் பணம் மாநிலங்களுக்கான இழப்பீட்டுக் கணக்குக்குத் திருப்பப்பட்டது. மாநிலங்களுக்கு இழப்பீடு தருவது ஒன்றிய அரசின் கடமை. அதற்காகத் தூய ஆற்றல் நிதியைக் கரைத்தது அநீதி. நிலக்கரியிடமிருந்து வசூலான பணத்தை நிலக்கரி வட்டாரத்தின் மாற்றத்துக்குச் செலவிட்டிருந்தால் இன்றைய விவாதமே வேறு விதமாக இருந்திருக்கும்.

எங்கே தேவை, எங்கே தேவையில்லை

கார்பன் பிடிப்பு முற்றிலும் வேண்டாத ஒன்று என்ற முடிவுக்கு இதிலிருந்து வருதல் தவறு. மின்சாரத்துக்கு மாற்று வழி உண்டு. சிமென்டுக்கு இல்லை. சுண்ணாம்புக்கல்லைச் சூடாக்கும்போது கல்லிலிருந்தே கரியமில வாயு வெளியேறுகிறது; சிமென்ட் ஆலையின் உமிழ்வில் பாதிக்கு மேல் இதுவே. எரிபொருளை மாற்றினாலும் இது நிற்காது. உலகில் சீனத்துக்கு அடுத்தபடியாக சிமென்டிலும் உருக்கிலும் இரண்டாம் இடத்தில் இருப்பது இந்தியா. கோடிக்கணக்கான குடும்பங்களுக்கு இன்னும் உறுதியான வீடு இல்லாத நாட்டில் சிமென்டும் உருக்கும் வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. நார்வேயின் பிரெவிக் சிமென்ட் ஆலையில், பெருமளவு அரசு நிதியுதவியோடு, ஆண்டுக்கு 4 லட்சம் டன் பிடிக்கும் கூடம் 2025இல் திறக்கப்பட்டது. இந்தியாவிலும் சிமென்ட் துறையில் ஐந்து சோதனைக் கூடங்களை 2025 மே மாதத்தில் அறிவியல் தொழில்நுட்பத் துறை அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2026 ஜனவரி முதல் இறக்குமதி உருக்கு, சிமென்ட், அலுமினியம், உரம் ஆகியவற்றின் மீது எல்லைக் கார்பன் வரியை நடைமுறைப்படுத்தியுள்ளது. வளரும் நாடுகள் மீதான இந்த ஒருதலைப்பட்ச வரியை எதிர்க்க வேண்டும். அதேவேளையில் அந்தத் துறைகளில் சொந்தத் தொழில்நுட்பத்தையும் வளர்க்க வேண்டும்.

பிடித்த வாயுவைப் பயன்படுத்துதல் என்ற சொல்லிலும் தெளிவு தேவை. தூத்துக்குடியில் ஒரு சோடா உப்பு ஆலையில், நிலக்கரிக் கொதிகலனின் புகையிலிருந்து ஆண்டுக்கு 60,000 டன் பிடிக்கும் கூடம் 2016இல் தொடங்கப்பட்டு உலகக் கவனத்தைப் பெற்றது. ஆலைக்கு வேண்டிய மூலப்பொருள் கிடைத்தது, நல்ல பொறியியல். ஆனால் சோடா உப்பு கண்ணாடி உலையில் உருகும்போதும், சமையல் சோடா அடுப்பில் வேகும்போதும் அந்த வாயு மீண்டும் காற்றுக்கே போகிறது. யூரியாவின் கதியும் அதுவே. பயன்படுத்துவது வேறு, சேமிப்பது வேறு. இரண்டையும் ஒரே கணக்கில் எழுதிக் கார்பன் சந்தையில் விற்பதே மோசடி.

தொழிலாளர் எங்கே

அரசின் அறிவிப்புகளில் இடம்பெறாத ஒரு பெயர் உண்டு: சுரங்கத் தொழிலாளி. நிலக்கரிச் சுரங்கங்கள் 1971 முதல் 1973 வரையிலான காலத்தில் நாட்டுடைமையாக்கப்பட்டன. ஒரு காலத்தில் கோல் இந்தியாவில் 6 லட்சத்துக்கும் அதிகமான நிரந்தரத் தொழிலாளர் இருந்தனர்; இன்று சுமார் 2.2 லட்சம் பேர். உற்பத்தி பன்மடங்கு பெருகியது. வேலை குறைந்து ஒப்பந்தமயமானது. 2020 ஜூனில் வணிகச் சுரங்கத்துக்காகத் தனியாருக்கு ஏலம் திறக்கப்பட்டபோது, ஜூலை 2 முதல் 4 வரை மூன்று நாள் வேலைநிறுத்தம் செய்து எதிர்த்தவர்கள் இந்தத் தொழிலாளரே. 2024 ஜனவரியில் நிலக்கரியை வாயுவாக்கும் திட்டங்களுக்கு ₹8,500 கோடி ஊக்கத்தொகைக்கு ஒப்புதல் தரப்பட்டது. அரசு நிறுவனத்தோடு தனியாரும் அதில் பங்குபெறுவர். ஊக்கத்தொகை ஆலைக்கு உண்டு. ஜாரியாவிலும் ராணிகஞ்சிலும் நெய்வேலியிலும் வாழும் ஒப்பந்தத் தொழிலாளியின் அடுத்த வேலைக்கு எந்த ஒதுக்கீடும் இல்லை. கார்பன் பிடிப்பு நிலக்கரியைக் காப்பாற்றும், எனவே வேலையும் காப்பாற்றப்படும் என்று தொழிலாளரிடம் சொல்லப்படுமானால், அது பொய். வேலையைப் பறித்தது இதுவரை காலநிலைக் கொள்கை அன்று, இயந்திரமயமும் தனியார்மயமுமே.

கட்சி எழுப்ப வேண்டிய கோரிக்கைகள்

இவற்றிலிருந்து சில முடிவுகள் பிறக்கின்றன.

முதலாவதாக, பின்னாளில் கார்பன் பிடிப்புக் கருவி பொருத்தப்படும் என்ற வாக்குறுதியைக் காட்டிப் புதிய அனல்மின் நிலையங்களுக்கு, குறிப்பாகத் தனியாருக்கு, அனுமதி தரலாகாது. இருக்கும் நிலையங்களில் கந்தக நீக்க விதி முதலில் நிறைவேற்றப்பட வேண்டும்.

இரண்டாவதாக, பொதுப்பணம் செல்லும் இடத்தில் பொது உடைமை இருக்க வேண்டும். பெல், என்டிபிசி, ஓஎன்ஜிசி, அரசு ஆய்வுக்கூடங்கள், பல்கலைக்கழகங்கள் ஆகியவை ஒன்றுசேர்ந்து வளர்க்கும் தொழில்நுட்பத்தின் காப்புரிமை மக்களுக்கே உரியது. ₹20,000 கோடியில் ஒவ்வொரு ரூபாயும் யாருக்குச் செல்கிறது என்பது நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்பட வேண்டும்.

மூன்றாவதாக, முன்னுரிமை சிமென்ட், உருக்கு ஆகிய துறைகளுக்கு. மின்துறையில் இது ஆய்வு அளவில் நிற்கட்டும். பெரும் முதலீடு பொதுத்துறைச் சூரிய மின்சாரம், மின்கலம், நீரேற்று மின் நிலையம் ஆகியவற்றுக்குச் செல்லட்டும்.

நான்காவதாக, நிலத்தடிச் சேமிப்புக்குத் தனிச் சட்டம் வேண்டும். கசிவுக்கான பொறுப்பு நிறுவனத்தின் மீது நீண்டகாலத்துக்கு நிற்க வேண்டும். வன உரிமைச் சட்டம், பழங்குடிப் பகுதிகளுக்கான பெசா சட்டம் ஆகியவற்றின்படி கிராம சபையின் ஒப்புதலின்றி ஓர் அடி குழாயும் பதிக்கப்படலாகாது.

ஐந்தாவதாக, செலவு மின் கட்டணத்தில் ஏற்றப்படலாகாது. வளர்ந்த நாடுகள் 2009இல் வாக்களித்த ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் நிதி உரிய காலத்தில் வரவில்லை. 2024இல் பாகு மாநாட்டில், 2035ஆம் ஆண்டுக்கு என்று கூறி 30,000 கோடி டாலரோடு நிறுத்திக்கொண்டார்கள். அன்று இந்தியப் பிரதிநிதி அதை ஏற்க மறுத்தது சரியே. அந்தக் குரல் தொழில்நுட்பத்தை இலவசமாகப் பெறும் போராட்டமாகத் தொடர வேண்டும்.

ஆறாவதாக, நிலக்கரி வட்டாரங்களுக்கு மாற்று வேலை, மறுபயிற்சி, மூடப்பட்ட சுரங்க நிலத்தின் மீட்பு ஆகியவற்றுக்குத் தனி நிதி வேண்டும். அதைத் திட்டமிடும் மேசையில் தொழிற்சங்கங்களுக்கு இடம் வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளரும் அதில் அடங்க வேண்டும்.

தோழர்களே, புகையை நிலத்துக்கு அடியில் புதைப்பது சாத்தியமே. சில இடங்களில் அது தேவையும்கூட. ஆனால் பொறுப்பையும் சேர்த்துப் புதைக்க ஆளும் வர்க்கம் முயல்கிறது. சுரங்க வாயிலிலும், மின் கட்டண அலுவலக வாசலிலும், கிராம சபையிலும் இந்தக் கணக்கை எளிய மொழியில் எடுத்துரைப்பது கட்சி ஊழியர்களின் உடனடிப் பணி. விந்தியாசலின் அரை நிமிடக் கணக்கும், கந்தகத்தின் பத்தாண்டுக் கணக்கும் யாருக்கும் புரியும். புரிந்த மக்களை ஏமாற்றுவது எளிதன்று.